முழு இன்ஜின் வேலை முடிந்து வந்த டிராக்டர் சேற்றில் இறங்கியதும் ஜாம்: பட்டறைக்காரர் என் மேல் பழி போடுகிறார், என்ன செய்வது?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

எல்லோருக்கும் வணக்கம். தொழில் தெரிந்தவர்களும் சட்டம் தெரிந்தவர்களும் வழி சொல்லுங்கள்.

என் வண்டி மூன்று சிலிண்டர், 45 ஹெச்.பி. வகை. பழைய வண்டி. போன சம்பா அறுவடையிலிருந்தே நீலப்புகை, ஆயில் குடிக்கிறது, பிரீதர் (இன்ஜின் உள்காற்று வெளியேறும் குழாய்) வழியாக ஊதுகிறது. ஜூன் 12 மேட்டூர் திறந்து மூணாறு தலைப்புக்குத் தண்ணீர் வருவதற்குள் குறுவை உழவுக்கு வண்டி தயாராக இருக்கணும் என்று சித்திரையிலேயே பட்டறையில் விட்டேன். லைனர், பிஸ்டன், ரிங், மெயின் மெட்டல், ராட் மெட்டல், ஆயில் பம்ப், கேஸ்கெட் செட், கிராங்க் கிரைண்டிங் என்று முழு வேலை (மெட்டல் என்றால் கிராங்க் தண்டைச் சுற்றி உட்காரும் அரைவட்டப் பேரிங்). சாமான் எல்லாம் அவரே வாங்கினார், கிராங்க்கை லேத்துக்கு அனுப்பியதும் அவரே. மொத்தம் 1,10,000 ரூபாய் சொன்னார். 95,000 கொடுத்துவிட்டேன், பாதி ஜிபே, பாதி கையில். பில் கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

வண்டி வைகாசிக் கடைசியில்தான் கைக்கு வந்தது. பட்டறையிலிருந்து வீட்டுக்கு ரோட்டில் நாலைந்து கிலோமீட்டர், சத்தம் சுத்தமாக இருந்தது. மறுநாள் கேஜ் வீல் (சேற்றுழவுக்கான இரும்புச் சக்கரம்) மாட்டி என் வயலிலேயே இறக்கினேன். ரெண்டு மா நிலம் (ஏக்கரில் மூணில் ரெண்டு பங்கு) முடியவில்லை. அடியிலிருந்து டொக் டொக் என்று ஒரு சத்தம் வந்தது, நான் ஸ்டாப் நாப்பை இழுப்பதற்குள் இன்ஜின் தானே நின்றுவிட்டது. செல்ஃப் அடித்தால் 'டக்' என்று ஒரு தட்டோடு சரி, சுற்றவே இல்லை. ஆயில் பிரஷர் விளக்கு கடைசி வரை எரியவில்லை. டெம்பரேச்சர் முள்ளும் பச்சையில்தான் நின்றது.

பக்கத்து வயல்காரர் வண்டியால் கட்டி இழுத்து வீட்டுக் களத்தில் நிறுத்தியிருக்கிறேன். பட்டறைக்காரரிடம் சொன்னால், "ஆயில் இல்லாம ஓட்டிட்டே. புது இன்ஜினைக் கொண்டுபோய் சேத்துல இறக்கினா எது தாங்கும்? வண்டியை இங்க கொண்டுவா, பிரிச்சுப் பார்க்கிறேன். பழைய பாக்கி 15,000-த்தையும் எடுத்துட்டு வா" என்கிறார். கொண்டுபோய் விடலாமா, வேண்டாமா?

தாளடிப் பட்டம் (திருத்துறைப்பூண்டி)

விடாதீங்க அண்ணே. ஒரு தடவை கெடுத்தவன் கையில மறுபடி எதுக்குக் கொடுக்கணும்? பட்டறைப் பேரை, போர்டு போட்டோவோட முகநூல்ல போடுங்க. நாலு பேர் கேட்டா தானா வழிக்கு வருவாரு. எங்க சித்தப்பா வண்டிக்கும் இதே கதைதான், ஹெட் வேலை பார்த்து மூணாம் நாள் தண்ணி ஆயில்ல கலந்துடுச்சு. கேட்டதுக்கு "கேஸ்கெட் கம்பெனியைக் கேளு"ன்னு சொல்லிட்டாங்க. பட்டறைக்காரங்க எல்லாம் ஒரே மாதிரிதான்.

பழைய ஃபிட்டர் (தஞ்சாவூர்)

தம்பி, முதல் காரியம்: சம்ப்பை (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) யாரும் கழட்டக் கூடாது. நீங்களும் கழட்டாதீங்க, அவர் தனியாகக் கழட்டவும் விடாதீங்க. உங்க தகராறுக்குச் சாட்சி சொல்லப்போறது மனுசங்க இல்லை, அந்த மெட்டல்கள்தான். எந்த மெட்டல் எந்த இடத்தில், எப்படி உட்கார்ந்திருந்தது என்பதை ரெண்டு தரப்பும் ஒரே நேரத்தில் பார்க்கணும். பிரித்துத் தட்டில் போட்ட பிறகு அது வெறும் பழைய இரும்பு, யார் வேண்டுமானாலும் எதையும் சொல்லலாம்.

இப்பவே போய் வண்டி சமதளத்தில் நிற்கிறதா பாருங்க. டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுங்க. அதை ஒரே வீடியோவாக, வண்டி நம்பரும் ஹவர் மீட்டரும் (ஓடிய மணி நேரம் காட்டுவது) தெரிகிற மாதிரி, நிறுத்தாமல் எடுங்க. ரெண்டு கோட்டுக்கு நடுவில் ஆயில் நின்றால் "ஆயில் இல்லாம ஓட்டினே" என்கிற பேச்சு அங்கேயே பாதி செத்துவிடும். சம்ப் அடியிலும் ஃபில்டர் வாயிலும் கசிவு இருக்கிறதா என்றும் காட்டுங்க.

பிரிக்கும்போது என்ன பார்க்கணும் என்று சொல்கிறேன். ஆயில் இல்லாமல் ஓடிய இன்ஜினில் ஒரு ஜர்னல் (மெட்டலுக்குள் சுழலும் கிராங்க் பகுதி) மட்டும் போகாது. அத்தனை மெட்டலும் மேல்பூச்சு உருகி இழுத்துக்கொண்டு கிடக்கும், கிராங்க் நெடுக நீலம் பாரிச்சிருக்கும், பிஸ்டன் ஸ்கர்ட்டிலும் லைனரிலும் கோடு விழுந்திருக்கும். கிராங்க்கை அரைத்துவிட்டு உள்ளே ஆயில் போகிற துளைகளைப் பிளக் கழற்றிக் கழுவாமல் மாட்டியிருந்தால் வேற மாதிரி இருக்கும். மெட்டல் முழுக்கச் சுற்றுவட்டமாக மெல்லிய கோடுகள், விரல் நகத்தால் தேய்த்தால் நறநறன்னு பொடி தட்டுப்படும். 0.25 மி.மீ. அரைத்த கிராங்க்குக்கு வேற சைஸ் மெட்டல் போட்டிருந்தால் அளந்தாலே தெரியும், மெட்டலின் முதுகிலேயே சைஸ் அடித்திருப்பான். ஒன்றிரண்டு இடம் மட்டும் கருகி, மற்றது எல்லாம் வெள்ளி மாதிரி புதுசாக இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் ஆயில் போகவில்லை என்று அர்த்தம். அப்போ மாட்டின கையைத்தான் கேட்கணும்.

விளக்கு எரியாததை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீங்க. அந்த ஸ்விட்ச் மெயின் கேலரியில் (பிளாக்குக்குள் ஆயில் ஓடும் முதன்மைப் பாதை) உட்கார்ந்திருக்கு. கேலரியில் பிரஷர் இருக்கு என்றுதான் அது சொல்லும். அங்கிருந்து ஒவ்வொரு ஜர்னலுக்கும் ஆயில் போய்ச் சேர்ந்ததா என்று அதுக்குத் தெரியாது.

மன்னை பட்டறை (மன்னார்குடி)

நானும் பட்டறை வைத்திருப்பவன்தான். "எல்லாரும் ஒரே மாதிரி" என்று எழுதிய தம்பிக்கு ஒரு வார்த்தை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஒரே வாரத்தில் பத்து வண்டி வாசலில் நிற்கும். "கிராங்க் அரைக்க வேண்டாம், இருக்கிறதே போதும், மெட்டல் மட்டும் மாத்து" என்று வாடிக்கையாளரே வற்புறுத்துவார். மெட்டலையும் அவரே எங்கேயோ பாதி விலைக்கு வாங்கி வருவார். இன்ஜின் போனால் மட்டும் பட்டறைக்காரன் திருடன். இந்த வருத்தம் எங்களுக்கும் உண்டு.

ஆனால் நீடாமங்கலம்காரர் சொல்வது உண்மை என்றால் இங்கே சாமான் பட்டறைக்காரருடையது, லேத்தும் அவர் அனுப்பியது. "சாமான் கெட்டது, லேத்தைக் கேளு" என்று கைகாட்டும் வழி அவருக்கு இல்லை. வாடிக்கையாளர் ஒப்பந்தம் போட்டது பட்டறையோடு. லேத்தை அவர்தான் கேட்டுக்கொள்ளணும்.

புது இன்ஜினைச் சேற்றில் இறக்கியது பற்றிக் கேட்டே ஆகணும். முதல் 50 மணி நேரம் முழுச் சுமை கொடுக்காதே என்று நாங்கள் எல்லோரும் சொல்லித்தான் அனுப்புவோம். கேஜ் வீலில் சேற்றுழவு என்பது வண்டிக்கு இருக்கிறதிலேயே கடுமையான வேலை. உங்களிடம் சொன்னாரா, இல்லையா?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

சொன்னார் அண்ணே. "ரொட்டவேட்டர் போடாதே, கேஜ் வீல்ல லைட்டா ஓட்டு, ரெண்டாவது கியருக்கு மேல போகாதே" என்று வாட்ஸாப்பில் குரல் பதிவாகவே அனுப்பியிருக்கிறார், இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் ஓட்டியதும் அப்படித்தான், முன்பே ஒரு சால் ஓட்டி ஊறவைத்த வயல். ரொட்டவேட்டர் வீட்டிலேயே கிடக்கிறது.

ஃபிட்டர் ஐயா சொன்னபடி வீடியோ எடுத்தேன். ஆயில் மேல் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நிற்கிறது. கசிவு இல்லை. ஆனால் டிப் ஸ்டிக்கில் ஒட்டிய ஆயிலை வெயிலில் பிடித்தால் மினுமினு என்று தூள் தெரிகிறது.

பழைய ஃபிட்டர் (தஞ்சாவூர்)

அந்த மினுமினுப்பு மெட்டல் பூச்சு கரைந்து வந்தது. ஆயில் இருந்திருக்கு, மெட்டலும் போயிருக்கு. அப்போ கேள்வி 'ஆயில் இருந்ததா' என்பது இல்லை, 'ஆயில் போய்ச் சேர்ந்ததா' என்பது.

மன்னை பட்டறை நண்பருக்கு: ரன்னிங்-இன் (புது இன்ஜினைப் பதமாக ஓட்டிப் பழக்குவது) பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அது ரிங்கும் லைனரும் ஒன்றோடொன்று பழகுவதற்கு. அதை மதிக்காமல் ஓட்டினால் புகை வரும், ஆயில் குடிக்கும், மிஞ்சிப்போனால் பிஸ்டன் பிடிக்கும். ஊறின வயலில் ரெண்டாவது கியரில் ரெண்டு மா ஓட்டியதற்கு ராட் மெட்டல் ஜாம் ஆகாது. சரியாக மாட்டின மெட்டல், ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டு ஓடும். இரும்பும் இரும்பும் தொடவே தொடாது.

மன்னை பட்டறை (மன்னார்குடி)

ஒத்துக்கொள்கிறேன். புகை என்று வந்திருந்தால் பட்டறைக்காரர் பக்கம் பேசியிருப்பேன். அடியில் டொக் டொக் என்றால் அது ரன்னிங்-இன் பிரச்சினை இல்லை.

கருப்புக் கோட்டு (கும்பகோணம்)

வழக்கறிஞர் என்ற முறையில் சில விஷயங்கள்.

முதலில், முகநூலில் பெயர் போட வேண்டாம். காரணம் தெரிவதற்கு முன் "ஏமாற்றுக்காரன்" என்று எழுதினால் அவர் உங்கள் மேல் அவதூறு வழக்குப் போட இடம் கொடுக்கிறீர்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் (புதிய குற்றவியல் சட்டம்) 356-வது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. இப்போது உங்களிடம் இருக்கும் பலத்தை நீங்களே கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

வண்டியைக் கொண்டுபோய் விட்டால் பிடித்துவைத்துக் கொள்வாரா என்ற பயம் நியாயமானது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு, ஒரு பொருளின் மேல் உழைப்பும் திறமையும் செலவழித்தவருக்கு, அந்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைக்கும் உரிமை தருகிறது. அது அந்த வேலைக்கு மட்டும், பொருள் அவர் கையில் இருக்கும்வரை மட்டும். வண்டியை ஒருமுறை உங்களிடம் ஒப்படைத்துவிட்டார். இப்போது திரும்பக் கொண்டுபோனால் அந்தப் பழைய 15,000-த்துக்காகப் பிடித்துவைக்க அவருக்கு உரிமை கிடையாது. பொதுவான பாக்கிக்காகப் பொருளைப் பிடித்துவைக்கும் உரிமை 171-வது பிரிவில் வங்கி போன்ற சிலருக்குத்தான் உண்டு, பட்டறை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் சட்டம் இப்படி இருக்க, வண்டி அவர் ஷெட்டில் பூட்டிக் கிடந்தால் அதை எடுக்க உங்களுக்குக் குறுவையே போய்விடும். ஆகவே வண்டி உங்கள் களத்திலேயே இருக்கட்டும், அவர் வந்து பிரிக்கட்டும்.

இன்றைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். திட்டு வேண்டாம். என்ன வேலை, எவ்வளவு பணம், எந்தத் தேதியில் வண்டி கைக்கு வந்தது, ஹவர் மீட்டரில் எவ்வளவு, என்ன நடந்தது, இன்ஜின் பிரிக்கப்படாமல் அப்படியே இருக்கிறது, இந்தத் தேதியில் இந்த நேரத்தில் இருவருக்கும் பொதுவான ஒரு ஃபிட்டர் முன்னிலையில் பிரிக்கப்போகிறோம், நீங்களோ உங்கள் ஆளோ வரவும், வராவிட்டால் வீடியோ எடுத்துப் பிரிப்போம். இவ்வளவு போதும். ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு பிரதி, வாட்ஸாப்பில் ஒரு பிரதி. ஜிபே ரசீதுகள், துண்டுச் சீட்டு, குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். போனை மாற்றவும் வேண்டாம். குரல் பதிவும் வீடியோவும் நீதிமன்றம் வரை போனால் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவுச் சான்றிதழோடு தாக்கல் செய்யணும், அதற்கு மூலக்கருவி உங்களிடம் இருப்பது நல்லது.

பேச்சில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடத்தையும் சம்பவம் நடந்த இடத்தையும் பார்ப்பார்கள். இப்போது நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. சம்பவத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போகணும். வக்கீல் வைத்துத்தான் போகணும் என்ற கட்டாயமும் இல்லை.

ஒன்றை மறக்காதீர்கள்: சேவையில் குறைபாடு என்று நிரூபிக்க வேண்டியது புகார்தாரர்தான். உச்ச நீதிமன்றம் 2021-லும் இதை மறுபடி உறுதி செய்திருக்கிறது. "வேலை பார்த்தார், மறுநாள் போய்விட்டது" என்பது மட்டும் போதாது, "இந்தக் காரணத்தால் போனது" என்று ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போடணும். மெட்டலைப் பற்றி ஃபிட்டர் ஐயா சொன்னது முழுக்க இதனால்தான் முக்கியம்.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

சார், ஒரு சந்தேகம். என் நிலம் ஒரு வேலி (இருபது மா) கூடக் கிடையாது. சொந்த உழவு முடிந்ததும் ஊரில் நாலு பேர் வயலுக்கு வாடகைக்கு ஓட்டுவேன், அதில்தான் வீட்டுச் செலவு. அவர் பேச்சுவாக்கில், "நீ வாடகைக்கு ஓட்டறவன், யாவாரம் பண்றவன், நுகர்வோர் கோர்ட்ல நிக்க முடியாது, போய்ப் பாரு" என்றார். உண்மையா?

கருப்புக் கோட்டு (கும்பகோணம்)

யாரோ அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர் நுகர்வோர் இல்லை என்பது உண்மை. ஆனால் அதே சட்டத்தின் 2(7) பிரிவின் விளக்கம், சுயதொழில் மூலம் தன் பிழைப்பைத் தேடிக்கொள்வதற்காக மட்டும் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்கிறது.

1995-ல் லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உதாரணங்களோடு பிரித்துக் காட்டியது. எதிர்த்தரப்பு நம் கோயம்புத்தூரின் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட். தானே ஓட்டி வாடகைக்கு விட ஆட்டோ வாங்கியவர், தானே வேலை செய்ய லேத் வாங்கியவர் எல்லாம் நுகர்வோர்தான். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான். முழுக்க இன்னொருவரை வைத்து ஓட்டினால்தான் வணிகம். அந்த வழக்கைப் போட்ட நிறுவனம் தோற்றது, ஆனால் அதில் வகுத்த விதி உங்களைப் போன்றவர்களுக்குத்தான் பாதுகாப்பு. உங்கள் வண்டியை நீங்களே ஓட்டுகிறீர்களா, சம்பளத்துக்கு டிரைவரா? புகாரில் முதல் பத்தியிலேயே அதை எழுதணும்.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

நானேதான் ஓட்டுகிறேன் சார். சேற்றுழவு சமயத்தில் வரப்பு ஓரம் மண்வெட்டி பிடிக்க ஒரு பையன், அவ்வளவுதான்.

பூம்புகார் போட் (பூம்புகார்)

எங்க பக்கம் ஃபைபர் போட்டுல உள்ள டீசல் இன்ஜினுக்கும் இதே தகராறு நடக்கும். எங்க ஊர்ப் பழக்கத்தைச் சொல்றேன். இன்ஜின் வேலைக்கு விடும்போதே கழட்டின பழைய சாமான் எல்லாத்தையும் சாக்குல கட்டி வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடுவோம். புது மெட்டலோட காலி டப்பாவையும் வாங்கிடுவோம், அதுல கம்பெனி, சைஸ், நம்பர் எல்லாம் இருக்கும். உங்ககிட்ட டப்பா இருக்கா? கடல்ல இன்ஜின் நின்னா இழுத்துட்டு வர இன்னொரு போட் வரணும், அதனால நாங்க இதுல கறாரு.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

டப்பா இல்லை அண்ணே, கேட்கிறேன். கடிதத்தை இன்று அனுப்பிவிட்டேன்.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

நடந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

கடிதம் போன மறுநாள் போன் வந்தது. முதலில் சத்தம் போட்டார், "என்னைக் கோர்ட்டுக்கு இழுக்கிறியா" என்றார். "இல்லைங்க, பிரிச்சுப் பார்ப்போம், நீங்களும் இருங்க, ஆயில் இல்லாம ஓட்டினதுன்னு தெரிஞ்சா முழுச் செலவும் என்னோடது" என்றேன். அதற்குப் பிறகு குரல் இறங்கியது. கும்பகோணத்தில் வேலை பார்க்கும் ஒரு மூத்த ஃபிட்டரை இருவருமே ஒத்துக்கொண்டோம். பட்டறைக்காரருக்கும் அவரைத் தெரியும், மதிப்பார்.

களத்தில் தார்ப்பாய் விரித்து வேலை ஆரம்பித்தது. முதலில் டிப் ஸ்டிக். பட்டறைக்காரரையே உருவிப் பார்க்கச் சொன்னார் அந்த ஃபிட்டர். பிறகு கழுவித் துடைத்த வாளியில் ஆயிலை இறக்கி அளந்தார். ஊற்றிய அளவுக்குக் கிட்டத்தட்ட சரியாக இருந்தது. சுத்தமான தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து மூடி, மேல் பேப்பர் ஒட்டி இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். முன் ஆக்சிலைப் பிரித்து இன்ஜினை இறக்கி, சம்ப்பைக் கழற்றினோம்.

ஒன்றாம் நம்பர் ராட் மெட்டல் புத்தம் புதுசு. மூன்றாம் நம்பரும் அப்படியே. இரண்டாம் நம்பர் கருகி, ராட்டோடு சுற்றி, கிராங்க்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. கேப்பை (மெட்டலை அடியிலிருந்து பிடிக்கும் மூடி) தட்டித்தான் எடுக்க முடிந்தது. நீலம் பாரித்திருந்ததும் அந்த ஒரு ஜர்னலும் அதை ஒட்டிய மெயின் ஜர்னலும் மட்டும்தான். லைனரில் ஒரு கோடு இல்லை. பட்டறைக்காரர் அதுவரை நின்றுகொண்டிருந்தவர், உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் மெயின் கேப்களைக் கழற்றிக் கிராங்க்கைத் தூக்கினார்கள். பிளாக் பக்கம் உட்கார்ந்திருந்த மெட்டல்களை ஃபிட்டர் ஒவ்வொன்றாக டார்ச் அடித்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் நடுவே ஒரு பள்ளக்கோடு, அதில் ஆயில் வரும் துளை. இரண்டாவதில் பள்ளமும் இல்லை, துளையும் இல்லை. வழவழ என்று கருத்துக் கிடந்தது. அதை நெம்பி எடுத்துத் திருப்பினார். முதுகில், பிளாக்கின் ஆயில் துளை இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் பதிந்திருந்தது. துளையுள்ள மெட்டல் கீழே கேப் பக்கம் இருந்தது. மேல் கீழாக மாறி மாட்டியிருக்கிறது.

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பட்டறைக்காரர் அந்த மெட்டலை வாங்கிப் பார்த்துவிட்டு, "பையன் மாட்டினான், ராத்திரி நேரம்" என்று மட்டும் சொன்னார். எல்லாம் வீடியோவில் இருக்கிறது.

பழைய ஃபிட்டர் (தஞ்சாவூர்)

முடிந்தது. இதற்கு மேல் காரணம் தேட வேண்டாம்.

படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கேலரியிலிருந்து பிளாக் துளை வழியாக மெயின் மெட்டலுக்கு ஆயில் வரும். அதிலிருந்து கிராங்க்குக்குள் இருக்கும் துளை வழியாக ராட் மெட்டலுக்குப் போகும். மேல் மெட்டலில் துளை இல்லை என்றால் வாசலிலேயே கதவு சாத்தியாச்சு, மெயினும் போகும், அதிலிருந்து ஆயில் வாங்குகிற ராட்டும் போகும். கேலரியில் பிரஷர் குறையாது, அதனால்தான் விளக்கு எரியவில்லை. மாட்டும்போது தடவின ஆயிலிலும், உள்ளே தெறிக்கிற ஆயிலிலும் பட்டறையில் சும்மா ஓடியிருக்கும், ரோட்டில் சுமையில்லாமல் வந்திருக்கும். வயலில் சுமை ஏறியதும் படலம் கிழிந்துவிட்டது. எந்த ஓட்டுநர் எவ்வளவு பதமாக ஓட்டியிருந்தாலும் இந்த இன்ஜின் அந்த வாரம் தாண்டியிருக்காது.

மன்னை பட்டறை (மன்னார்குடி)

இரண்டு அரை மெட்டலும் ஒரே மாதிரி, ரெண்டிலும் துளையோடு வருகிற இன்ஜின்களும் உண்டு. அதில் வேலை பழகிய பையனுக்கு இந்த வண்டியில் கை தவறும். அதற்காகத்தான் கேப் போடுவதற்கு முன் முதலாளி ஒவ்வொரு துளையிலும் கம்பி விட்டுப் பார்க்கணும். என் பட்டறையில் கிராங்க் படுக்க வைக்கும்போது வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. பையன் பெயரைச் சொல்லி அவர் தப்பிக்க முடியாது. அந்தப் பையனுக்குச் சம்பளப் பிடித்தம் செய்துவிடப் போகிறாரே என்பதுதான் இப்போது என் கவலை.

லேத்தின் மேல் குற்றம் இல்லை என்பதும் தெளிவாகிவிட்டது. மற்ற மெட்டல் எல்லாம் புதுசாக இருக்கிறதே.

தாளடிப் பட்டம் (திருத்துறைப்பூண்டி)

அண்ணே, இப்ப விடாதீங்க. வேலைக் காசு முழுக்க, வாடகை உழவு போன நஷ்டம், மன உளைச்சல் எல்லாத்துக்கும் சேர்த்துக் கேளுங்க.

கருப்புக் கோட்டு (கும்பகோணம்)

கேட்கலாம். ஆணையத்துக்குப் போனால் இழப்பீட்டுக்கும் வழக்குச் செலவுக்கும் இடம் உண்டு. எதிர்த்தரப்பு பதில் போட 30 நாள், மேலும் 15 நாள் வரை நீட்டிப்பு. நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து மூன்று மாதத்தில், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில், முடிக்க முயற்சி செய்யணும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும். குறுவை நடவு அதுவரை காத்திருக்காது. இவ்வளவு தெளிவான ஆதாரம் கையில் இருக்கும்போது பேசி முடிப்பது பலவீனம் இல்லை. வேண்டுமானால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசமாகவே பதிவு செய்யலாம், 15100-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகாரைப் பதிந்து வைக்கலாம்.

எழுதி வாங்கும்போது காரணத்தை எழுதுங்கள்: "இரண்டாம் மெயின் மெட்டல் மேல் கீழாகப் பொருத்தப்பட்டதால்". யார் எதைச் செலவு செய்வது, எந்தத் தேதிக்குள் வண்டி ஓடணும், அதற்குப் பின் எத்தனை மணி நேரத்துக்கு உத்தரவாதம், தவறினால் நுகர்வோர் ஆணையம் போக உங்களுக்கு உரிமை உண்டு என்பது. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரியில் வண்டி ஓடிப் பார்ப்பதற்கு முன் கையெழுத்துப் போடாதீர்கள்.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

பேசி முடித்தோம். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, அந்த மூத்த ஃபிட்டரும் என் பெரியப்பாவும் சாட்சிக் கையெழுத்து. புது ராட், மெட்டல் செட் முழுசு, கிராங்க் மறுபடி அரைப்பது, கேஸ்கெட், ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் அவர் செலவு. என் 15,000 பாக்கி தள்ளுபடி. வாடகை உழவு நஷ்டத்துக்கு நான் கேட்டதில் பாதிதான் ஒத்துக்கொண்டார், அதையும் இரண்டு தவணையில். முழுசும் கேட்டிருக்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு வண்டி ஓடுவது முக்கியம். அந்தப் பையன் கூலியில் கை வைக்கக் கூடாது என்றும் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டேன், சரி என்றார். என் சொந்த வயலுக்கு உழவன் செயலியில் வேளாண் பொறியியல் துறை வண்டிக்குப் பதிந்தேன், முறை வருவதற்குள் பக்கத்து வயல்காரரே வந்து ஓட்டிக் கொடுத்துவிட்டார்.

ஃபிட்டர் ஐயா, மறுபடி மாட்டும்போது நான் பக்கத்தில் நிற்கப்போகிறேன். எதை எதைப் பார்க்கணும்?

பழைய ஃபிட்டர் (தஞ்சாவூர்)

கிராங்க் லேத்திலிருந்து வந்ததும் துளைப் பிளக்குகளைக் கழற்றி, டீசல் விட்டு, பிரஷ் போட்டு, காற்று அடித்துக் கழுவச் சொல்லுங்க. இந்தத் தடவை பொடி நிறைய உள்ளே போயிருக்கும், பிளாக் கேலரியையும் அப்படியே கழுவணும். ஆயில் கூலர் இருந்தால் அதையும். ஆயில் பம்ப்பைப் பிரித்துப் பார்க்கணும், அந்த மெட்டல் தூளை எல்லாம் அது குடித்திருக்கு. மெட்டல் உட்கார்ந்ததும் ஒவ்வொரு துளையிலும் கம்பி விட்டுப் பாருங்க. கேப் நம்பரும் பக்கமும் மாறக் கூடாது, போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்கணும். ஒவ்வொரு கேப் இறுக்கியதும் கிராங்க்கைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகணும்.

ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் ஸ்டாப் நாப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, விளக்கு அணைகிற வரை செல்ஃப் அடிக்கணும், நடுநடுவே விட்டு விட்டு. முதல் ஆயிலை 50 மணி நேரத்துக்கு வைக்காதீங்க, இந்த இன்ஜினுக்குச் சீக்கிரமே மாத்துங்க, ஃபில்டரோடு.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

ஐயா சொன்னபடியே நடந்தது. பம்ப்பைப் பிரித்ததில் கியரில் கோடு விழுந்திருந்தது, அதையும் அவர் செலவிலேயே மாற்றினார், தகராறு செய்யவில்லை. வண்டி ஓடுகிறது. முதல் தவணைப் பணம் வந்துவிட்டது. ஆயிலும் ஃபில்டரும் ஒருமுறை மாற்றியாச்சு, வெயிலில் பிடித்துப் பார்த்தேன், மினுமினுப்பு இல்லை.

கூட்டாகப் பிரிக்கக் கூப்பிட்டு எழுதிய கடிதத்தையும் ஸ்டாம்ப் பேப்பர் வாசகத்தையும் பெயர், முகவரி எடுத்துவிட்டு வைத்திருக்கிறேன். யாருக்காவது தேவைப்பட்டால் தனிச்செய்தியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.